ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்ப்பதற்கு முன் வீட்டில் ஒரு வாரம்

எல்.கே.ஜி. அட்மிஷன் முடிந்த கையோடு பள்ளி வாசலில் அடுத்த கேள்வி வந்துவிடும்: "ஃபோனிக்ஸ் சேர்த்தாச்சா?" எழுத்தின் ஒலிகளைச் சேர்த்து ஆங்கிலம் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு அது. பக்கத்து வீட்டுக் குழந்தை போகிறது, கூட வேலை செய்பவரின் மகன் போகிறான், மூன்றே மாதத்தில் உங்கள் பிள்ளை புத்தகம் படிக்கும் என்று நோட்டீஸ் வேறு கேட்டில் செருகியிருக்கிறது. நாம் மட்டும் விட்டுவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம் யாருக்கும் வரும், எனக்கும் வந்தது. மகளை மூன்றரை வயதில் சேர்த்தேன், இரண்டு மாதத்தில் நிறுத்தினேன், ஐந்து வயதில் வீட்டிலேயே மறுபடி தொடங்கினேன். அக்கா மகனுக்கோ ஐந்தரை வயதில் அதே மாதிரி ஒரு வகுப்பு உண்மையாகவே உதவியது. இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்ததால் சொல்கிறேன்: ஃபோனிக்ஸ் நல்ல முறை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சேர்ப்பதா வேண்டாமா, இப்போதா அடுத்த வருடமா என்பதை மட்டும் நோட்டீஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் பிள்ளையின் காதையும் வாயையும் பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்கு ஒரு வாரம் போதும், காசு தேவையில்லை.

முதலில் ஃபோனிக்ஸ் என்றால் என்ன

தமிழ் படித்தவர்களுக்கு இது புது விஷயமே இல்லை. க் + அ = க, க் + ஆ = கா என்று மெய்யையும் உயிரையும் சேர்த்துப் படித்தோமே, அதையேதான் ஃபோனிக்ஸ் ஆங்கிலத்துக்குச் செய்கிறது. ‘பின்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், சேஃப்டி பின்னில் வரும் பின். நாம் படித்த காலத்தில் ‘பீ-ஐ-என் பின்’ என்று வகுப்பே சேர்ந்து கத்தி மனப்பாடம் செய்தோம். பீ, ஐ, என் என்பவை எழுத்துகளின் பெயர்கள். அந்த மூன்று பெயரையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் ‘பின்’ வராது. பெயரை விட்டுவிட்டு ஒலியைச் சொன்னால் ப்-இ-ன், சேர்த்தால் பின். அதே மாதிரி ட்-இ-ன் டின், ட்-இ-ப் டிப். இப்படிச் சேர்க்கத் தெரிந்த குழந்தை இதுவரை பார்க்காத சொல்லையும் தானே படித்துவிடும். மனப்பாடம் செய்த குழந்தை, சொல்லிக்கொடுத்த சொல்லை மட்டும்தான் படிக்கும்.

ஆங்கிலத்துக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கிறது என்றால், அந்த மொழியில் எழுத்து 26, ஒலியோ சுமார் 44. ‘சி’ என்ற எழுத்து கப்பில் ‘க்’ ஆகவும் சிட்டியில் ‘ஸ்’ ஆகவும் வரும், இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி தரும், சில சொற்கள் எந்த விதிக்கும் அடங்காது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் குழந்தைகள் எவ்வளவு சீக்கிரம் படிக்கக் கற்கிறார்கள் என்று ஒப்பிட்டு 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. ஃபின்னிஷ் மாதிரி எழுதுவது போலவே உச்சரிக்கும் மொழிகளில் முதல் வகுப்பு முடிவதற்குள் சொற்களைச் சரியாகப் படித்துவிடுகிறார்கள், ஆங்கிலக் குழந்தைகளுக்கு அதே நிலைக்கு வர இரண்டு வருடத்துக்கும் மேல் ஆகிறது. அதனால்தான் இங்கிலாந்தில் 2006-இல் ஜிம் ரோஸ் என்பவர் வாசிப்பு கற்பிப்பது பற்றி அரசுக்குக் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு பள்ளிகளில் ஃபோனிக்ஸ் முதலிடத்துக்கு வந்தது, 2012 முதல் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு 40 சொற்களைப் படிக்கச் சொல்லும் சோதனையும் நடக்கிறது. அந்த 40-இல் 20 சொற்களுக்கு அர்த்தமே கிடையாது. மனப்பாடமா, ஒலியைச் சேர்த்துத்தான் படிக்கிறார்களா என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே உருவாக்கிய சொற்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாட்டுக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்ததிலிருந்து ஆங்கிலத்தைக் கேட்டு வளர்கிறார்கள். ப்-இ-ன் என்று சேர்த்த உடனே "ஓ, பின்னா!" என்று அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். ஐந்து வயதில் வீட்டில் மறுபடி தொடங்கிய புதிதில், என் மகள் அந்தப் பழைய வகுப்பிலிருந்து கொண்டுவந்த அட்டையில் ‘மேட்’ என்று அழகாகச் சேர்த்துப் படித்தாள். மேட் என்றால் பாய், அந்தப் பாயில் உட்கார்ந்துகொண்டுதான் படித்தாள். படித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்து "மேட்னா என்னம்மா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எழுத்தை ஒலியாக மாற்றுவது ஒரு பாதி, அந்த ஒலிக்கு அர்த்தம் தெரிவது இன்னொரு பாதி. கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-லேயே இதை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிவிட்டார்கள்: வாசிப்பு என்பது ஒலிகூட்டும் திறனும் மொழிப் புரிதலும் பெருகி வருவது. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். வகுப்பில் நாம் காசு கொடுத்து வாங்குவது முதல் பாதியை மட்டும்தான்.

அந்த ஒரு வாரம்

முதல் இரண்டு நாள் தமிழில் விளையாடுங்கள். ஆங்கிலம் வேண்டவே வேண்டாம். தக்காளியை நறுக்கும்போது "தக்... கா... ளி" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி, என்ன காய் என்று கேளுங்கள். கத்... த... ரிக்... காய். குழந்தை சேர்த்துச் சொல்கிறதா? மூன்று, மூன்றரை வயதுப் பிள்ளைகளில் பலரால் இது முடியும். அப்புறம் மோனையும் இயைபும். ‘மா’வில் தொடங்கும் பேர் சொல்லு: மாமா, மாடு, மாங்காய். ‘பல்’ மாதிரியே முடிகிற இன்னொன்று சொல்லு: கல், சொல், நெல். இதில் குழந்தை சிரித்துக்கொண்டே "ஜல், டல்" என்று இல்லாத சொல்லைக் கண்டுபிடித்தால் அது பெரிய நல்ல அறிகுறி, காது ஒலியைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் கொஞ்சம் கடினம். மூன்று புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். (கைக்குழந்தை வீட்டில் இருந்தால் கொட்டை வேண்டாம், வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும், பெரிய டப்பா மூடி போதும்.) ‘பஸ்’ என்று சொல்லி, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கொட்டையை முன்னால் தள்ளுங்கள்: ப்... அ... ஸ்ஸ்ஸ். பிறகு குழந்தையைத் தள்ளச் சொல்லுங்கள். ‘கண்’, ‘பால்’, ‘மீன்’ என்று வீட்டில் புழங்கும் சொற்களையே எடுங்கள். ஒரு சொல்லை அசை அசையாகப் பிரிப்பது சின்ன வயதிலேயே வந்துவிடும், ஒலி ஒலியாகப் பிரிப்பது பெரும்பாலும் நாலரை, ஐந்து வயதை ஒட்டித்தான் வரும். என் மகள் நாலு வயதில் ‘மீன்’ என்றால் ஒரே கொட்டையைத் தள்ளிவிட்டு என்னைப் பார்ப்பாள். எவ்வளவு சொன்னாலும் அவளுக்கு அது ஒரே துண்டுதான். ஐந்து வயது நெருங்கும்போது ஒருநாள் யாரும் கேட்காமலே மூன்று கொட்டையையும் வரிசையாக வைத்து, முதல் கொட்டையில் விரலை வைத்து "ம்ம்ம்" என்றாள். நடுவில் நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, வயது வந்தது, அவ்வளவுதான். மூன்றரை வயதில் அவளை வகுப்பில் உட்கார வைத்தபோது அந்தக் காது இன்னும் திறந்திருக்கவில்லை. வகுப்பு நாள் காலையில் வயிறு வலிக்கிறது என்பாள், நானும் முதலில் சாப்பாட்டைத்தான் சந்தேகப்பட்டேன்.

மீதி நாள்களில் பேச்சைக் கவனியுங்கள். நடந்த ஒன்றை, அது தமிழிலேயே இருக்கட்டும், குழந்தை நாலைந்து வாக்கியத்தில் கோவையாகச் சொல்கிறதா? கதை கேட்கும்போது "அப்புறம்?" என்கிறதா? ஆங்கிலத்தில் ஒரு ஐம்பது சொல்லாவது அர்த்தத்தோடு தெரியுமா? நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்: பஸ், கப், பென், டப், பேக், ஃபேன். ஒலிகூட்டிப் படிக்க ஆரம்பிக்கும்போது இந்தச் சொற்கள்தான் கைகொடுக்கும்.

வயது பற்றி என் கருத்து

மூன்று முடிந்து எல்.கே.ஜி. போகும் குழந்தைக்குத் தனி வகுப்பு வேண்டாம். இதை நான் தயங்காமல் சொல்வேன். அந்த வயதில் கதை, பேச்சு, சொல்விளையாட்டு, மண், தண்ணீர், இவைதான் வாசிப்புக்கு அடித்தளம், அவற்றுக்கான நேரத்தை எடுத்து வகுப்புக்குக் கொடுப்பது நஷ்டம். நாலரை வயதில் யு.கே.ஜி. போகும் குழந்தை கொட்டை விளையாட்டை ரசித்து விளையாடினால் ஆரம்பிக்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை. ஐந்து, ஆறு வயதில் பள்ளியில் இன்னும் ‘சீ-ஏ-டீ கேட்’ என்று மனப்பாடமாகவே நடத்துகிறார்கள், வீட்டில் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை என்றால், நல்ல வகுப்பு நிச்சயம் பயன்படும். அமெரிக்காவில் 2000-இல் வெளியான தேசிய வாசிப்புக் குழு அறிக்கையும் முறையான ஃபோனிக்ஸ் மழலையர் வகுப்பிலும் முதல் வகுப்பிலும், அதாவது ஐந்து ஆறு வயதில், நன்றாகப் பலன் தருகிறது என்றுதான் சொன்னது. அதே அறிக்கை ஃபோனிக்ஸோடு ஒலியுணர்வு, சரளம், சொல்வளம், புரிதல் என்று இன்னும் நாலைச் சேர்த்து ஐந்தாகச் சொன்னது. நோட்டீஸில் ஒன்று மட்டும்தான் அச்சாகிறது.

பள்ளியில் ஏற்கெனவே ஃபோனிக்ஸ் நடத்துகிறார்களா என்று வகுப்பு ஆசிரியையிடம் நேராகக் கேளுங்கள். நடத்தினால் வெளியே இன்னொரு முறை தேவையில்லை. இரண்டு இடத்தில் இரண்டு வரிசை, இரண்டு விதமான கை அசைவு, இரண்டு பாட்டு என்று குழந்தை குழம்பும்.

டெமோ வகுப்பில் எதைக் கேட்க வேண்டும்

சுவரில் ஒட்டிய படத்தையும் சான்றிதழையும் பார்க்காதீர்கள், காதை மட்டும் தீட்டிக்கொள்ளுங்கள். டீச்சர் ஒலியைச் சொல்லும்போது புள்ளி இருக்கிறதா? இதுதான் என் முதல் சோதனை. ‘ப்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ப’ என்றும், ‘ட்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ட’ என்றும் சொன்னால் குழந்தை ‘ப-இ-ன’ என்று கூட்டி ‘பயின’ என்று முழிக்கும். நாங்கள் போன முதல் வகுப்பில் இதுதான் நடந்தது, பத்துக் குழந்தைகளும் ‘ப, ட, ன’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் சொல் கூடவில்லை. நம் மொழியில் அகரம் ஏறிய எழுத்தைச் சொல்லியே பழகியதால் இந்தப் பிழை எளிதில் வருகிறது. ஆனால் புள்ளி வைத்த மெய் என்ற கருத்தும் நம் மொழியிலேயே இருப்பதால் திருத்துவதும் எளிது. ‘க இல்லை, க்’ என்று ஒருமுறை சொன்னால் தமிழ் தெரிந்த டீச்சருக்குப் புரிந்துவிடும்.

அடுத்தது, எந்த எழுத்தில் தொடங்குகிறார்கள். ‘ஏ ஃபார் ஆப்பிள், பீ ஃபார் பால்’ என்று அகர வரிசையில் போனால் அது பழைய முறைக்குப் புதுப் பெயர். ஜாலி ஃபோனிக்ஸ் என்ற பிரபலமான பாடமுறையில் 42 ஒலிகள், முதல் ஆறு எழுத்து எஸ், ஏ, டீ, ஐ, பீ, என். இந்த ஆறைக் கற்ற உடனேயே பின், டின், டிப், டேப், சிட் என்று குழந்தை நிறைய சொற்களைக் கூட்ட முடியும், அதனால்தான் அந்த வரிசை. வேறு நல்ல முறைகளில் வரிசை கொஞ்சம் மாறலாம், ஆனால் முதல் சில வாரத்திலேயே கூட்டிப் படிக்க வைக்கிறார்களா என்பதைக் கேளுங்கள். 26 எழுத்தின் ஒலியையும் முடித்துவிட்டுத்தான் கூட்டுவோம் என்றால் யோசியுங்கள்.

மூன்றாவது, தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல். ‘பல்’லில் வரும் ப வேறு, ‘பஸ்’ஸில் வரும் ப வேறு. வாயில் இரண்டும் வந்துவிடும், ஆனால் நம் எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். ‘கப்’, ‘கம்’ இரண்டின் முதல் ஒலியும் அப்படித்தான், டீக்கடையின் ட, டஜனின் ட அப்படித்தான். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்து. ஃபேனும் பேனும் ஒன்றாகக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. "இந்த ஜோடிகளை எப்படிச் சொல்லித் தருவீர்கள்?" என்று டீச்சரிடம் கேளுங்கள். இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துக் காதால் பிரிக்க வைப்போம் என்ற மாதிரி ஒரு பதில் வந்தால் அவருக்கு விஷயம் தெரியும், நம் பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறார் என்று நம்பலாம். வெளிநாட்டுக் காணொளியைப் போட்டுவிட்டு நிற்கிறவருக்கு இந்தக் கேள்வியே புதிதாக இருக்கும்.

மற்றவை சுருக்கமாக. ஒரு வகுப்பில் எட்டுக் குழந்தைக்கு மேல் இருந்தால் ஒவ்வொருவர் வாயையும் டீச்சர் கவனிக்க முடியாது. நோட்டு நோட்டாக எழுத வைத்தால் வேண்டாம், ஒலி படிக்க பென்சில் தேவையே இல்லை. டெமோ எடுப்பவர்தான் தினமும் எடுப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதா மாதம் கட்டும் வசதி இல்லையென்றால் நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்குங்கள். மாதம் 1,500 என்று வைத்தாலும் வருடத்துக்கு 18,000, அதில் வீடு நிறையக் கதைப் புத்தகம் வாங்கலாம். ஆன்லைன் வகுப்பு என்றால், நாலு வயதுக் குழந்தைக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதை நினைவில் வைத்து, கார்ட்டூன் நேரத்தையும் அதில் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

வகுப்பு தீர்க்காத பிரச்சினைகள்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பேச்சு தாமதமாக வரும் குழந்தையை, உச்சரிப்பு தெளியும் என்று நம்பி ஃபோனிக்ஸில் சேர்க்கிறார்கள். நாலு வயதிலும் வெளியாட்களுக்குப் பேச்சு புரியவில்லை, அடிக்கடி சளி பிடித்துக் காது வலிக்கிறது, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறது என்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனைச் சோதியுங்கள், பிறகு பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். காதுக்குள் நீர் கோத்திருந்தால் ‘ப்’, ‘ட்’ வித்தியாசம் குழந்தைக்குச் சரியாக எட்டாமல் போகலாம். குடும்பத்தில் யாருக்காவது டிஸ்லெக்ஸியா (எழுத்தை வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) இருந்தால் ஒலிமுறைப் பயிற்சி மிகவும் பயன்படும், ஆனால் அதைப் பொதுவான வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆறு, ஏழு வயதிலும் எழுத்து பிடிபடாமல் தவித்தால் சோம்பேறி என்று திட்டாமல் முறையாக மதிப்பீடு செய்யுங்கள்.

வீட்டிலேயே செய்வதென்றால்

நாங்கள் செய்தது இவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஒலி. பழைய கல்யாணப் பத்திரிகையைச் சதுரமாக வெட்டி ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக எழுதினேன். ஸ், ம், ன் மாதிரி இழுத்துச் சொல்லக்கூடிய ஒலிகளோடு சேர்த்தால் சொல் எளிதாகக் கூடும், "ம்ம்ம்" என்று இழுத்துக்கொண்டே அடுத்த ஒலிக்குப் போகலாம், ‘ப்’பை இழுக்க முடியாது இல்லையா. எந்தச் சொல்லைக் கூட்டினாலும் அந்தப் பொருளைக் கையில் கொடுத்துவிடுவேன், பின் என்றால் பின், டின் என்றால் பால் டின். அந்த ‘மேட்’ அனுபவத்துக்குப் பிறகு அர்த்தம் தெரியாத சொல்லைக் கூட்ட வைக்கவில்லை. உச்சரிப்பில் எனக்கே சந்தேகம் வந்த இடங்களில் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். இதோடு கூடவே தினமும் தமிழ்க் கதை ஒன்று, அதை ஒருநாளும் விடவில்லை, ஏனென்றால் புரிந்துகொள்ளும் பாதி அங்கேதான் வளர்கிறது. ஏழெட்டு மாதத்தில் சின்னச் சின்ன வாக்கியம் படித்தாள். ‘தி’, ‘வாஸ்’, ‘ஒன்’ மாதிரி விதிக்கு அடங்காதவற்றை மட்டும் அப்படியே பழக்கினேன்.

ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள், குழந்தை அழுகிறது என்றால் கட்டின காசுக்காக இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டு வாரம் பாருங்கள், டீச்சரிடம் பேசுங்கள், மாறவில்லையென்றால் நிறுத்துங்கள், குழந்தையின் காதுபட "இவளுக்கு வரலை" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த எழுத்து அட்டைகளை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஆறேழு மாதம் கழித்து, ‘மீன்’ என்றதும் மூன்று கொட்டை நகரும் நாளில் அவற்றை வெளியே எடுக்கலாம்.